குறைந்ததா, வடிந்ததா?

"'அபேட்' என்றால் என்ன?" என்று சிஸ்டர் கேட்டதும் நாங்கள் ஒரே குரலில் "குறைதல்" என்றோம். 'வெய்ன்', 'டுவிண்டில்' இரண்டுக்கும் அதே பதில்தான்! சிஸ்டர் பழைய ஆங்கில விவிலியத்தைத் திறந்து, நோவா காலத்து வெள்ளம் 'அபேட்' ஆன இடத்தைக் காட்டினார்.

எங்களில் சிலர் முடிச்சூரிலிருந்து சேலையூருக்கு வருபவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்களுக்கு 5 வயது. மொட்டை மாடியில் அம்மாக்கள் "தண்ணீர் வடிந்ததா?" என்றுதான் கேட்டார்கள். வெள்ளம் வடியும், காய்ச்சல் தணியும். இரண்டுக்கும் 'அபேட்' பொருந்தும். நிலவு தேய்வதற்கு ஆயிரம் ஆண்டுப் பழமையான 'வெய்ன்'.

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி அன்று நனைந்து படுத்தவர். வெள்ளம் வடிந்தது, காய்ச்சலும் தணிந்தது; பாட்டி மட்டும் நாளுக்கு நாள் இளைத்துப் போனார். 'டுவிண்டில்' என்பதன் பழைய வேருக்கு நலிந்து மெலிதல் என்று பொருளாம். அகராதியில் அதைத் தோழிதான் கண்டுபிடித்தாள். வாய்விட்டு வாசிக்காமல் எங்கள் பக்கம் நகர்த்தினாள்.