இலையைப் போல ஒரு பை

போன விடுமுறைக்கு வந்த மகள், நாகர்கோவிலில் ஓவன் ஒன்று வாங்கித் தந்தாள். அதில் சமைக்க, துபாயிலிருந்து ஒரு கட்டுப் பையும் கொண்டு வந்திருந்தாள். பார்வைக்கு நம்ம கடை கவர் மாதிரியேதான் இருந்தது.

முதல் நாள் அவளே செய்து காட்டினாள். பைக்குள் ஒரு ஸ்பூன் மைதாவைப் போட்டுக் குலுக்கினாள். பை வெடிக்காமல் இருக்க அது வேண்டுமாம். கோழித் துண்டு, சேனை, சீனிக்கிழங்கு, சின்ன உள்ளி எல்லாவற்றையும் நல்லமிளகும் உப்பும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துப் புரட்டி உள்ளே போட்டாள். வாயைக் கட்டி, ஆவி போக மேலே நாலு கீறல். 180 டிகிரியில் ஒரு மணி நேரம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஆனாலும் இறைச்சி தன் சாற்றிலேயே வெந்து பஞ்சாக இருந்தது.

"இது நம்ம இலையில பொதிஞ்சு சுடுற மீன்தானே மக்ளே" என்றாள் என் மனைவி.

உண்மைதான். எங்க அம்மை மசாலா தேய்த்த மீனை, தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டி ஓட்டில் வைப்பாள். ஈரம் வெளியே போகாமல் ஆவியாகி உள்ளேயே சுற்றும். பையும் அதைத்தான் செய்கிறது.

மகள் போன பிறகு பைகள் தீர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று புதுக் கடை கவர் ஒன்றில் கோழியைப் போட்டு ஓவனில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் நாற்றம். கவர் உருகி இறைச்சியோடு ஒட்டியிருந்தது. வீட்டில் வளர்த்த நாட்டுக்கோழி. "மேல ஒட்டினத உரிச்சுட்டுத் தின்னலாமே" என்றாள். தட்டோடு காத்திருந்த பேரனைப் பார்த்தேன். மனசில்லாமல்தான் எல்லாவற்றையும் தூரப் போட்டோம்.

மகளிடம் போனில் கேட்டேன். "அப்பா, அது நைலான், பாலியெஸ்டர் வகைப் பை. சுமார் 200 டிகிரி வரை தாங்கும். கடை கவர் பாலித்தீன். 110, 130 டிகிரியிலேயே உருகிரும்" என்றாள்.

2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. ஆனாலும் நம்ம அடுக்களையில் அது கிடக்கத்தான் செய்கிறது. அதில் சூடான எதையும் போடாதீர்கள். ஓவன் பை வாங்கினால், எத்தனை டிகிரி தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஓவனின் கம்பியிலோ சுவரிலோ பை தொடக்கூடாது. பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆவி சுடும்.

நாங்கள் இப்போது பை வாங்குவதில்லை. வாட்டிய இலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொதிந்து, தட்டில் வைத்து ஓவனுக்குள் தள்ளுகிறோம். எலும்போரம் சிவப்பு இல்லாமல் வெந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுக்கிறோம். மருந்தடித்த வாழையில் மட்டும் இலை அறுப்பதில்லை. அடுக்களைக்கென்று வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூடு வாழையை மருந்தில்லாமல் விட்டிருக்கிறேன்.