வலி இல்லை என்றால் ஓடலாமா?

 

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து, கோட்ட மட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறோம். பூனாகலையில் கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் எங்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சேர், அந்தப் பிள்ளை ஓடுதா?" பயிற்சியில் கணுக்கால் பிரண்ட ஒரு மாணவியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

இந்த முறை அந்தப் பிள்ளை ஓடாது.

இது லேசாக எடுத்த முடிவு இல்லை. வலயம் தாண்டி மாகாணம் வரை போகக்கூடிய பிள்ளை. அடுத்த வருடம் வயதுப் பிரிவு மாறிவிடும் என்ற கவலை அப்பாவுக்கு. வீட்டில் எண்ணெய் போட்டு நீவி, வீக்கமும் வடிந்துவிட்டது. "வலிக்கல சேர், ஓடிருவேன்" என்று பிள்ளையே வந்து நின்றது.

ஆனால் சுளுக்கில் அடிபடுவது மூட்டைப் பிடித்திருக்கும் நார். வலியும் வீக்கமும் முதலில் போய்விடும். நாருக்குப் பழைய பலம் வரப் பல வாரங்கள் எடுக்கும். பாதத்தைச் சமநிலையில் வைத்திருக்கும் உணர்வும் அதுவரை மந்தமாகவே இருக்கும். ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி சுளுக்குவது இதனால்தான்.

நாங்கள் செய்து பார்த்த சோதனை சாதாரணமானது. நல்ல காலில் நிற்கச் சொன்னோம். அரை நிமிடம் அசையாமல் நின்றது. மற்றக் காலில் பத்து எண்ணுவதற்குள் தடுமாறியது. ஒற்றைக் காலில் தாவியபோது அந்தப் பக்கம் பாதித் தூரம்தான் போனது. நேராக ஓடியது, வளைந்து ஓடச் சொன்னால் காலை ஊன்றப் பயந்தது. இரண்டு காலும் ஒன்றுபோல் செய்யும்வரை போட்டி இல்லை என்று சொல்லிவிட்டோம். இப்போது தினமும் காலையில் ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவதுதான் அதற்குப் பயிற்சி.

"கிரிக்கெட்காரர்கள் அடிபட்டும் ஆடுகிறார்களே" என்று சிலர் கேட்டார்கள். உண்மைதான். 2019 பெப்ரவரியில் கன்பெராவில் பெட் கம்மின்ஸின் பந்து கழுத்தின் பின்புறம் பட்டு, திமுத் கருணாரத்னவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். மறுநாளே வந்து துடுப்பெடுத்தாடினார். அந்தத் துணிவை எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன் வைத்தியசாலையில் அவரைப் பரிசோதித்து அனுப்பியதை யாரும் பேசுவதில்லை.

பரிசோதனை கூடச் சில நேரம் போதாது. அதே வருடம் ஆகஸ்ட்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதித்துப் பார்த்து, ஒரு மணித்தியாலத்துக்குள் மீண்டும் ஆடவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தெரிந்தன. அந்தப் போட்டியில் மிச்சமும் அடுத்த டெஸ்ட்டும் அவர் ஆடவில்லை. திரும்பி வந்த டெஸ்ட்டில் 211 அடித்தார்.

நம் மலையகத்து முத்தையா முரளிதரன் 2004இல் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஏறத்தாழ ஒரு வருடம் டெஸ்ட் ஆடாமல் இருந்தார். அதற்குப் பிறகுதான் 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்.

அவர்களுக்கு வைத்தியர்களும் பிசியோக்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நமக்கு அப்படி இல்லை. அதனால் நமக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நம் பிள்ளைக்கு ஓட்டத்துக்கு மட்டும் அல்ல, லயத்திலிருந்து பாடசாலைக்கு மேடு ஏறி இறங்கவும் அதே கால்தான்.

ஆகவே பெற்றோரிடமும் தோட்டங்களில் மெட்ச் நடத்தும் தம்பிமாரிடமும் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி மைதானத்தில் இறங்கக் கூடாது, எவ்வளவு நன்றாக இருப்பதாகச் சொன்னாலும். வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, தடுமாற்றமான பேச்சு இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பிறகு முதலில் நடை, அடுத்து மெது ஓட்டம், பின்னர் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். வைத்தியர் சரி சொன்ன பிறகே போட்டி.

கால் பிரண்டு நாலு எட்டு வைக்க முடியாவிட்டால் நீவ வேண்டாம். முறிவாக இருக்கலாம். கொஸ்லாந்தைக்கோ தியத்தலாவைக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"ஓடுறியா?" என்று பிள்ளையிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஓட ஆசைப்படும் பிள்ளை வேறு என்ன சொல்லும்? கேடயம் வேண்டும் என்று நிற்கிற நாங்களும் தனியாக முடிவெடுக்கக் கூடாது. அதனால் இனி உடற்கல்வி ஆசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் மூவரும் சேர்ந்தே முடிவெடுப்பது என்று வைத்திருக்கிறோம். மூவரில் ஒருவர் "இன்னும் இல்லை" என்றாலும் பிள்ளை ஓடாது.

கடைசியாக, பழைய மாணவர்களுக்கு. வருடா வருடம் கிண்ணம் வாங்கித் தருகிறீர்கள், மிக்க நன்றி. இந்த வருடம் முடிந்தவர்கள் ஒரு ஐஸ் பெட்டியும் கொஞ்சம் கிரேப் பேண்டேஜும் வாங்கித் தாருங்கள். மைதானத்துக்கு இப்போது அதுதான் அவசரம்.