வரப்புத் தையல்

கார்த்திகை மழை சற்றே விட்டிருக்கிறது. பெருமுக்கல் மலைப்பாறை நனைந்து கருத்துக் கிடக்கிறது. மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்த உப்பளங்களில் இப்போது வேலையில்லை. கோடையெல்லாம் வாரிக் குவித்த அம்பாரங்கள் கீற்றுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. தை பிறந்து வெயில் ஏறினால்தான் மறுபடி பாத்தி மிதிக்கக் கூப்பிடுவார்கள். அதுவரை இந்த ஓட்டுவீட்டுத் திண்ணையில் நான்கு பெண்கள் ஊசி பிடிக்கிறார்கள்.

நடுவே ஒரு பழம்புடவை மெத்தை. அடியில் முழுப் புடவை ஒன்று, அதன்மேல் நைந்த புடவைகள் இரண்டு, எல்லாவற்றுக்கும் மேலே துண்டு துண்டாக ஒட்டிய துணிகள். அத்தனையையும் சேர்த்துப் பிடிப்பது நூலோட்டம் மட்டும். வங்கத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கவுதி என்று பெயர் பெற்ற கைவேலையின் உறவுக்காரிதான் இது.

மேல்துணியில் கரை விரிகிறது. வேட்டித் துண்டுகள் பாத்திகள். காக்கிச் சட்டையின் கிழிசல்கள் வரப்புகள். பள்ளிச் சீருடைப் பாவாடையின் நீலம் கடல். மூலையில் ரோஸ் ரவிக்கைத் துணி, கழுவெளிக்கு வரும் பூநாரை. பாத்தி கட்டிப் பழகிய கைகளுக்குத் துணியைப் பிரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“வரப்பு கோணிப்போச்சு ஆயா,” என்கிறாள் சின்னவள்.

“எந்த வரப்புடி நேராப் போவுது? கூடை தூக்கிட்டு நடக்குற எடத்துல அகலமா இருக்கும், மடைகிட்ட குறுகும். நீ தச்சதுதான் சரி.”

நீலத்துணிப் பக்கம் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறாள். கடலோரக் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவிலின் உபாசனா வடிவமைப்புக் கூடம் கரையோரப் பெண்களுக்குத் துணித் துணுக்குகளில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுத்தந்தது. விலை வைக்காமல் அன்பளிப்பாகவே கைமாறிய அந்தப் பொம்மைக்கு சுனாமிகா என்று பெயர். இவள் அம்மா அதைத் தைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து இவளுக்கு ஊசி பழகியது.

மற்றவர்களின் தையல் நெல்மணி நீளம். அவளுடையது கடுகளவு. அலைமேல் அலையாக நெருக்கிக் குத்திக்கொண்டே போகிறாள். அந்தப் பக்கம் துணி தடித்து விறைக்கிறது. ஏன் இத்தனை நெருக்கமாக என்று யாரும் கேட்கவில்லை. நூல் தீரும்போதெல்லாம் சின்னவள் கோத்த ஊசியொன்றை அவள் முழங்கால் அருகில் வைக்கிறாள்.

ஆயாவுக்கு ஊசிக்காது தெரிவதில்லை. உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண். அவள் வேலை வேறு. உப்புநீர் அரித்து வெடித்த உள்ளங்கையை விரித்து, வேட்டித் துண்டுகளின் மேல் பலகை இழுப்பதுபோல மெல்ல இழுக்கிறாள். ஒரு பாத்தி, இரண்டாவது, மூன்றாவது. கை நிற்கிறது.

“இங்க மேடு தட்டுதுடி. தண்ணி ஒருபக்கமா ஒதுங்கிடும். பிரிச்சுத் தை.”

சின்னவள் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடிக்கிறாள்.