நூற்றில் எத்தனை பேர்?

தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிவிட்டது என்றவுடன், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுவோர் நம்மில் பலர். வாயிலும் தொண்டையிலும் குரல்வளையிலும் தோன்றும் இந்நோய் நம் நாட்டில் மிகுதி; புகையிலையும் பாக்கும் அதற்குத் தலையாய காரணங்கள். முற்றிய பின்னரே மருத்துவரை நாடுவோரும் மிகுதி. ஆயினும், முற்றியது என்பதும் முடிந்தது என்பதும் ஒன்றல்ல.

மும்பையில் பயிலும் நான், சென்ற ஆண்டு தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு மொழிபெயர்த்து உதவ மருத்துவமனைக்குச் சென்றேன். பெரியவர் தையற்காரர். அறுவைக்குப் பின்னும் அவர் கன்னத்தில் புற்று மீண்டும் வந்திருந்தது. "தம்பி, இவரு பொழைப்பாரான்னு கேளுங்க" என்றார் அவர் மனைவி.

நோயை அடியோடு நீக்க இயலாது. வலியைத் தணிக்கலாம், வாழ்நாளைச் சற்று நீட்டிக்க முயலலாம் என்றார் மருத்துவர். பின்னர், டாட்டா நினைவு மருத்துவமனையார் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிக் கூறினார்.

குணப்படுத்த இயலாத நிலையிலிருந்த 151 நோயாளிகளை அவ்வாய்வில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்னும் மூன்று மாத்திரைகள். மற்றப் பிரிவினர்க்கு அவற்றோடு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். இம்மருந்தின் வழக்கமான அளவோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம்! அந்த முழு அளவை வாங்க வல்லவர் நம் நாட்டில் மிகச் சிலரே. வாங்க முடியாத மருந்து யாரைக் காக்கும்?

ஓராண்டின் முடிவில் உயிருடன் இருந்தோர், மாத்திரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர். ஊசியும் பெற்றவருள் 43 பேர்.

இதைத் தமிழில் சொல்லும்போதுதான் என் நா தயங்கியது. 43 பேர் என்று மட்டும் சொன்னால் அம்மையாரின் முகம் மலரும். 57 பேர் இல்லை என்று மட்டும் சொன்னால் வாடும். இரண்டையும் சொன்னேன். அவர் அழவில்லை, "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டார்.

பெரியவர் பேச இயலாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "கடைக்குப் போகலாமா?" உடலில் தெம்பிருந்தால் போகலாம் என்றார் மருத்துவர். அன்று கேட்கப்பட்ட கேள்விகளுள் ஐயமின்றி விடை கிடைத்தது அது ஒன்றுக்கே.

நண்பர்களே, எத்தனை நாள் வாழ்வார் என்பதோடு எப்படி வாழ்வார் என்பதும் மருத்துவத்தின் பயனே. அதை நோயாளியின் தாய்மொழியில், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல ஆள் வேண்டும். பிற மாநிலத்தில் பயிலும் நமக்கு அந்தத் தகுதி உண்டு. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோமா? விடுதித் தோழர் எவருக்கேனும் மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண் இருப்பின், அவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.