என் வக்கீல் விலை போகவில்லை

கும்பகோணத்தில் ஒரு சிவில் வக்கீல், எதிர்த்தரப்பில் காசு வாங்கிக்கொண்டு சொந்தக் கட்சிக்காரனை நட்டாற்றில் விட்டுவிட்டார் என்று சில வருஷங்களாக ஒரு பேச்சு நடமாடுகிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான். நட்டாற்றில் விடப்பட்டதாகச் சொல்லப்படும் கட்சிக்காரனும் நான்தான்.

எனக்கு இரும்புக்கடை. ஆணி, கீல், பைப், மோட்டார். 1998-ல் அப்பா போனார்; உயில் எழுதவில்லை. அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓட்டு வீடு, முகப்பு பதினெட்டு அடி, நீளம் தொண்ணூறு. திண்ணையில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். 2011-ல் அம்மாவும் போனாள். மிச்சம் அக்காவும் நானும். அக்கா சோலாப்பூரில் இருந்தாள், அத்தானுக்கு ரயில்வே வேலை.

2014-ல் அவளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆறு லட்சம் கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன், இல்லாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு என்று அதிலேயே இருந்தது. நாற்பது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, இன்னும் என்ன பங்கு என்று எனக்குக் கோபம்.

முதலில் அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் போனேன், வயதான வக்கீல். நோட்டீஸைப் படித்துவிட்டு, "சுயார்ஜித சொத்துப்பா. 1956 சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமம். ஆறு லட்சத்துக்கு ஒத்துக்கறான்னா கும்பிட்டுக் கொடுத்துட்டுப் பத்திரத்தை வாங்கு" என்றார். ஆண் வாரிசு குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் கேட்க முடியாதாமே என்று மடக்கினேன். "23-ஆம் பிரிவைச் சொல்றே. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதியோட அது போயிடுச்சு" என்றார். கால் மணி நேரம். பீஸ் வாங்கவில்லை. வெளியே வந்து, கிழவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். அடுத்தவரும் இதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. நல்ல பலன் சொல்லும்வரை ஜோசியரை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி நான்.

மூன்றாவதாகப் போனவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். மெல்லிய குரல். நான் சொன்னதையெல்லாம் நீளத் தாளில் எழுதிக்கொண்டார். கல்யாணத்தின்போதே அக்கா 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று வாயால் சொன்னாள் என்றேன். அப்போது அப்பாவே உயிரோடு இருந்தார் என்பதைச் சிரிக்காமல் சுட்டிக்காட்டினார். பதிவு செய்த பத்திரம் இல்லாமல் விடுதலை செல்லாது, 1908-லிருந்து இதுதான் சட்டம் என்றார். எதிரிடை அனுபவம் என்று ஒரு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு மேல, உனக்கு இதுல ஒண்ணும் கிடையாதுன்னு அவங்களுக்குத் தெரியற மாதிரி நீங்க ஆண்டுட்டு வந்திருக்கணும் சார். கூடப் பொறந்தவங்களுக்குள்ள அதை நிரூபிக்கறது ரொம்பக் கஷ்டம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்கறதுன்னா இறங்குங்க."

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க எழுதி அவங்க கையில இருக்கற காகிதம் ஏதாவது உண்டா? லெட்டர், மணியார்டர் துண்டு, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. இந்த மேசையைத் தாண்டிப் போகாது. நானே நினைச்சாலும் வெளியே சொல்லக்கூடாதுன்னு சாட்சியச் சட்டத்துல இருக்கு."

"ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை சார்" என்றேன்.

இருந்தது. 2005-ல் கடை படுத்துவிட்டது. அக்காவிடம் ஐம்பதாயிரம் கேட்டு ஒரு இன்லண்ட் எழுதினேன். கல்லாவில் உட்கார்ந்து, தராசுப் பலகையின் மேல் வைத்து எழுதியது. இடம் போதாமல் மடிப்பு ஓரத்தில் குறுக்காக எழுதிய வரி இன்னும் மனப்பாடம்: வீட்டில் உன் பாதி அப்படியே இருக்கிறது அக்கா, எப்போது கேட்டாலும் தருவேன். அவள் டிடி எடுத்து அனுப்பினாள். அந்தப் பணத்தை நான் திருப்பவில்லை.

வக்கீல் கேட்ட அந்த நிமிஷம் அந்த நீலக் காகிதம் கண் முன்னால் வந்து நின்றது. ஆகவே மறதி என்று சொல்ல வழியில்லை. சொன்னால் இவரும் சமாதானமாகப் போகச் சொல்வார் என்ற பயம் ஒன்று. ஒன்பது வருஷத்துக் கடுதாசியை எவள் பத்திரப்படுத்தப் போகிறாள் என்ற கணக்கு இன்னொன்று. ஆனால் உள்ளே இருந்தது வேறு. அக்காவிடம் கைநீட்டி வாங்கிவிட்டு ஏப்பம் விட்டவன் என்று இந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. டாக்டரிடம் சட்டையைக் கழற்றுகிறோம். வக்கீல் முன்னால் மட்டும் வெள்ளைச் சட்டையோடு உட்காரத்தான் ஆசைப்படுகிறோம்.

பீஸ் நாற்பதாயிரம், கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம் என்றார். கீல் வாங்க வந்தவன் என்னிடம் பேரம் பேசுவதுபோல் பேசி முப்பத்தைந்தாக்கினேன். ஜெயித்தால் தனியாக ஒரு லட்சம் தருகிறேன் என்றேன். முடிவை வைத்துப் பீஸ் பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது என்று மறுத்தார். நானோ, மனுஷனுக்குத் தன் கேஸ் மேலேயே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது எழுதித் தந்தார். மொத்தம் இருபதாயிரம் கொடுத்தேன்.

'கௌரவம்' படத்து பாரிஸ்டர் ரஜினிகாந்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். வக்கீல் என்றால் கர்ஜிக்க வேண்டும், மேசையைத் தட்ட வேண்டும். இவர் எழுந்து நிற்பார், நீதிபதியிடம் இரண்டு வார்த்தை சொல்வார், வாய்தா வாங்கிக்கொண்டு வருவார். 2016 பிப்ரவரியில் மகாமகம். பந்தலுக்கும் குழாய்க்கும் கடையில் ஏவாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சாட்சிப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லி அவருடைய குமாஸ்தா இரண்டு தடவை ஆள் அனுப்பியும் நான் போகவில்லை. அந்த வருஷ நடுவில் புதிய விதிகளை எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்க வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இறங்கினார்கள். இரண்டையும் சேர்த்து, "நம்ம ஆள் வேணும்னே இழுக்கறார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2017-ல் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் தீர்வை ரசீது, மின்கட்டணம் என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து நீலக் காகிதத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பிரதிவாதியைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் காட்டும் ஆவணத்தை முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டியதில்லையாம், அன்றுதான் தெரிந்துகொண்டேன். "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார். "தெரியவில்லை" என்றேன். என் கடைப் பில் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னுடையதுதான்" என்றேன். டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

என் வக்கீல் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு பக்கமும் படித்தார். மடிப்பு ஓரத்தைத் திருப்பி அதையும் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "மறு விசாரணை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். தாழ்வாரத்தில், "அன்னைக்கே கேட்டேனே சார்" என்றார். அவ்வளவுதான். "மறந்துட்டேன் சார்" என்றேன். அது அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய்.

மூன்றாவது பொய்யை அவர் இல்லாத இடத்தில் சொன்னேன். சாயங்காலம் டீக்கடையில் கேஸ் என்னாச்சு என்று ஒருவர் கேட்டார். "வக்கீலை அந்தப் பக்கம் கவனிச்சுட்டாங்க" என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னவுடனே உடம்பு லேசாயிற்று. சுற்றி நின்ற நாலு பேரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். அப்புறம் அதற்கு ருசு தேடினேன். இரண்டு வக்கீல்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மை. எதிர்க்கடைக்காரரிடம் நானே அரை அங்குல எல்போ கைமாற்றாக வாங்குவதுண்டு. அதற்காக என் வாடிக்கையாளரை அவருக்கு விற்றுவிட்டேன் என்று ஆகுமா? கல்யாண வீட்டில் சொன்னேன், முடிதிருத்தும் கடையில் சொன்னேன், வணிகர் சங்கக் கூட்டத்தில் பெயரோடு சொன்னேன்.

கேட்டவர்களில் ஒரு சிமெண்ட் வியாபாரி இருந்தார். மூன்று லட்ச ரூபாய் செக் திரும்பி வந்த வழக்கு ஒன்றை அதே வக்கீலிடம் கொடுத்திருந்தார். என் பேச்சைக் கேட்டுக் கேஸ் கட்டை வேறு வக்கீலிடம் மாற்றினார். அங்கே ஒரு வாய்தாவுக்கு யாரும் ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடியாயிற்று. அவர் இன்றுவரை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நானும் வக்காலத்தை மாற்றினேன். பீஸ் பாக்கி இருந்தால் கட்டைத் தராமல் இழுத்தடிக்கிற வக்கீல்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது, இருந்தாலும் நடக்கிறது. இவரோ பதினைந்தாயிரம் பாக்கி என்பதை வாய் திறக்காமல், ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, சிவப்பு நாடா கட்டிக் கொடுத்தனுப்பினார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கு அதற்குள் போயிருந்தது என்று குமாஸ்தா சொன்னார். புதிய வக்கீல் என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "இதுல அவர் செய்யறதுக்கு என்ன இருக்கு?" என்றார். பழைய வக்கீல்மீது பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதி வைத்திருந்தேன், நாலு பக்கம். அந்தக் கேள்விக்குப் பிறகு அதை அனுப்பவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை.

2018-ல் பாதிப் பங்கு என்று முதனிலைத் தீர்ப்பாணை ஆயிற்று. பதினெட்டு அடி வீட்டை இரண்டாகக் கிழித்தால் ஒன்பது ஒன்பது அடி, யாருக்கும் உபயோகமில்லை. கடைசியில் அக்காவுக்குப் பதினான்கு லட்சம் கொடுத்து முடித்தேன். பழைய ஐம்பதாயிரத்தை அவள் கேட்கவில்லை.

2024 மே மாதம், வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "தப்பிச்சானுங்க" என்று டீக்கடையில் உரக்கப் படித்தேன். அதில் சொல்லியிருந்த காரணங்களில் ஒன்று அப்போதே தொண்டையில் சிக்கியது: வக்கீலின் வேலை கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் நடப்பது. அன்று ராத்திரி பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தேன். மொத்தம் நாலு. அந்த நாலு பக்கப் புகாரும் கூடவே கிடந்தது.

பதினைந்தாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஐந்தாவது ரசீது எழுதினார். பரப்பிய பேச்சைப் பற்றி ஆரம்பித்தேன். வெளியே கட்சிக்காரர் காத்திருக்கிறார் சார் என்று எழுந்துவிட்டார். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சிமெண்ட் வியாபாரியிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது அவர் என் கடைக்கு வருவதில்லை. மற்ற இடங்களில் யார் யாரிடம் சொன்னேன் என்பதே எனக்கு நினைவில்லை. டீக்கடைக்காரர் போன வருஷம் காலமாகிவிட்டார்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு, நிலம் என்று வழக்கோடு வருகிறவர்களிடம், "அவர்கிட்ட போகாதே, விலை போயிடுவார்" என்று யாராவது சொன்னால், எந்த வழக்கில் என்று கேளுங்கள். அண்ணன் தம்பி இல்லாத இரும்புக்கடைக்காரன் ஒருவன், அக்கா, பதினெட்டு அடி வீடு என்று சொன்னால், அது பொய். சொன்னவன் நான்.