எது எதோடு பொருந்தும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம பள்ளிவாசல் சோலார் விசயமும் இதற்குள் வருகிறது, ஆகவே நேரம் எடுத்து வாசியுங்கள்.

உயர்தர ஐசிடி பாடத்தில் தகவல் முறைமைகளின் வகைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று நிபுணத்துவ முறைமை. பிள்ளைகள் அதை இரண்டு வரியில் பாடமாக்கி வைத்திருப்பார்கள். உதாரணம் கேட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வைத்தியர் என்று எழுதுவார்கள். நோயாளியிடம் கேள்வி கேட்டு வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற கணினி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய கம்பனிக்கு நாள் தவறாமல் வேலை செய்து, காசையும் மிச்சப்படுத்திக் கொடுத்து, இந்தத் துறைக்கே பெயர் வாங்கித் தந்தது வைத்தியம் பார்த்த கணினி இல்லை. சாமான் பொருத்தம் பார்த்த கணினி. இந்தக் கதை டியூட்டில் இருக்காது. இருந்தாலும் வினாத்தாளில் வராது என்று யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்ற சின்ன ஊர். அங்கே பழைய கம்பளி ஆலை ஒன்றில் 1957இல் தொடங்கிய கம்பனி டிஜிட்டல் இக்யூப்மன்ட் கோப்பரேஷன், சுருக்கமாக டெக். பின்னாட்களில் ஐபிஎம்முக்கு அடுத்த இடத்துக்கு வந்த கம்பனி. 1977இல் வெக்ஸ்-11/780 என்ற கணினியை வெளியிட்டார்கள். இன்றைக்கு நாம் கடையில் வாங்குகிற மாதிரி ஒரே பெட்டி அல்ல அது. அலுமாரி அலுமாரியாக நிற்கும். வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைத் தனித்தனியாகச் சொல்லலாம்: இத்தனை நினைவகம், இத்தனை டிஸ்க், இத்தனை டேப், இத்தனை டேர்மினல். சாப்பாட்டுக் கடையில் ஒவ்வொன்றாகச் சொல்லி எடுக்கிற மாதிரி.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. விற்பனைக்குப் போனவருக்கு விற்கத் தெரியும், உள்ளே எது எதோடு பொருந்தும் என்று முழுக்கத் தெரியாது. டிஸ்க் எழுதியிருப்பார், அதைக் கட்டுப்படுத்தும் போர்டை எழுதியிருக்க மாட்டார். போர்டு இருக்கும், அது உட்காரப் பெட்டியில் இடம் இருக்காது. இடம் இருக்கும், அந்தப் பெட்டியின் பவர் சப்ளை அத்தனையையும் தாங்காது. எல்லாம் சரி என்றால் ஒரு கேபிள் குறையும். பெருங்காசு கொடுத்து வாங்கிய கணினி ஒரு கேபிளுக்காகச் சும்மா நிற்கும். இதனால் ஓடர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவதற்கென்றே அனுபவசாலிகளை வைத்திருந்தார்கள். அதுவும் போதாமல், முழுக் கணினியையும் தொழிற்சாலையில் பூட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு கழற்றிப் பொதி செய்து அனுப்பினார்கள். விற்பனை கூடக் கூட இது நடக்காத காரியமாகிவிட்டது. வழமையான முறையில் புரோகிராம் எழுதி இதைத் தீர்க்கவும் முயன்றார்கள். சரிவரவில்லை.

ஏன் சரிவரவில்லை என்பதைத்தான் நான் வகுப்பில் நின்று நிதானமாகச் சொல்வேன். வழமையான புரோகிராம் என்பது பாதை. முதலில் இது, பிறகு அது, பிறகு மற்றது என்று வரிசையாகப் போகும். ஆனால் பொருத்தம் பார்க்கிற அறிவு வரிசையாக இல்லை. அது துண்டு துண்டாக இருக்கிறது. "இப்படியான போர்டு வந்தால் இப்படியான கேபிள் வேண்டும்." "பெட்டியில் இனி இடமில்லை, ஆனால் போர்டு மிச்சமிருக்கிறது என்றால் இன்னொரு பெட்டி சேர்." "இந்த அலுமாரிக்கு பவர் சப்ளை இன்னும் போடவில்லை என்றால், வாங்குகிறவரின் நாட்டில் எத்தனை வோல்ற் என்று பார்த்து அதற்கேற்றதைப் போடு." இவற்றைப் பாதையாக அடுக்கப் போனால், புதுச் சாமான் ஒன்று வந்ததும் பாதை முழுவதையும் கிண்ட வேண்டும்.

1978 கடைசியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜோன் மக்டெர்மட் இதைக் கையில் எடுத்தார். அந்தத் துண்டுகளைத் துண்டுகளாகவே விட்டுவிட்டார். "இப்படியிருந்தால் இப்படிச் செய்" என்று ஒவ்வொன்றும் தனி விதி. விதிகள் எல்லாம் ஒரு பக்கம். இந்த ஓடரில் என்னென்ன இருக்கிறது, எது எங்கே வைக்கப்பட்டாயிற்று என்ற தகவல் இன்னொரு பக்கம். இப்போதைய நிலைமைக்கு எந்த விதி பொருந்துகிறதோ அது வேலை செய்யும். அதனால் நிலைமை மாறும். மாறிய நிலைமைக்கு அடுத்த விதி. இப்படியே கடைசிக் கேபிள் வரைக்கும். ஆயிரக்கணக்கான விதிகளை ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து பார்த்தால் கணினி களைத்துவிடும் என்பதால், மாறியதை மட்டும் பார்க்கிற ஒரு வழியை அதே பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஃபோர்ஜி கண்டுபிடித்திருந்தார். ரீட்டே என்று பெயர், லத்தீனில் வலை.

அந்த முறைமைக்கு முதலில் ஆர்1 என்றும், கம்பனிக்குள் எக்ஸ்கொன் என்றும் பெயர். 1980இல் வேலைக்கு வந்தபோது அதில் சுமார் 750 விதிகள். நாலு வருடத்தில் மூவாயிரத்தைத் தாண்டியது. எண்பதுகளின் கடைசியில் பத்தாயிரம். 1986 அளவில் 80,000 ஓடர்களைப் பார்த்து முடித்திருந்தது. நூற்றுக்கு 95க்கு மேல் சரி. வருடத்துக்கு மிச்சம் இரண்டரைக் கோடி டொலர் அளவில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இந்த இலக்கங்கள் இல்லை. வேறு இரண்டு விசயங்கள்.

ஒன்று, அந்த விதிகளை எப்படி எடுத்தார்கள் என்பது. அனுபவசாலிகளைக் கூட்டி வைத்து "உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று கேட்டால் வராது. பெரிய பெரிய விசயங்களைச் சொல்வார்கள், அவ்வளவுதான். கணினி ஒரு ஓடரைச் செய்து காட்டினால், உடனே விரல் வைத்து "இது பிழை" என்பார்கள். ஏன் என்று கேட்டால் அப்போதுதான் அந்த விதி வாயில் வரும். அதற்கு ஒரு விதிவிலக்கு, அந்த விதிவிலக்குக்கும் ஒரு விதிவிலக்கு. கெட்டிக்காரனின் அறிவு அவன் வாயில் இல்லை, அவன் கண்ணில் இருக்கிறது.

இரண்டு, அந்த விதிகளில் நூற்றுக்கு 40 அளவு ஒவ்வொரு வருடமும் மாற்றப்பட்டன. புதுச் சாமான் வரும், பழையது போகும். கணினி தானாக இதைத் தெரிந்துகொள்ளாது. பின்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருந்தது. நிபுணத்துவ முறைமை வந்தால் நிபுணர் தேவையில்லை என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. டெக் கம்பனியில் நடந்தது நேர்மாறு.

இனி நம்ம கதைக்கு வருகிறேன்.

பள்ளிவாசலுக்கு சோலார் போடுவது என்று நம்பிக்கையாளர் சபை முடிவெடுத்தது எல்லாருக்கும் தெரியும். காசு ஊர்க்காசு. கட்டாரிலும் சவூதியிலும் நிற்கிற நம்ம பிள்ளைகள் அனுப்பியதும், வீட்டுக்கு வீடு சேர்த்ததும், இடியப்பம் விற்கிற ஒரு தாத்தா உண்டியலோடு கொண்டு வந்து கொடுத்ததும் அதில் இருக்கிறது. மூன்று கம்பனிகள் கொட்டேஷன் கொடுத்தன. சபையில் இருந்து எனக்கும் அனுப்பி "சேர், ஒருக்காப் பாருங்க" என்றார்கள். நான் சோலார் படித்தவனில்லை. ஆனால் இது டெக் கம்பனியின் அதே பிரச்சினை என்று பார்த்தவுடன் விளங்கியது. பெனல் ஒரு கம்பனியுடையது, இன்வேட்டர் இன்னொன்று, பெட்டரி மூன்றாவது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சாமான்.

விலை குறைந்த கொட்டேஷனில் 550 வாட் பெனல் 11, ஒரே வரிசையில் தொடராக. பெனலின் தரவுத்தாளில் திறந்த சுற்று வோல்ற் 49.5. தொடராகப் பூட்டினால் வோல்ற் கூட்டப்படும், இது ஓ/எல் விஞ்ஞானம். 11 தர 49.5 என்றால் 544.5. இன்வேட்டரின் தரவுத்தாளில் தாங்கக்கூடிய உச்சம் 500 வோல்ற். அதற்கு மேல் போனால் இன்வேட்டர் எரியும். எரிந்தால் உத்தரவாதமும் செல்லாது. சொன்ன அளவுக்கு மேல் கொடுத்தது நாம்தான் என்பார்கள். கணக்கு அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பெருக்கல்.

இதை நான் சபையின் வட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரு தம்பி, நல்ல பிள்ளை, ஒரு ஏஐ செயலியில் கேட்டு அதன் பதிலை அனுப்பினார். பெனல், இன்வேட்டர் பெயர்களைக் கொடுத்து "பொருந்துமா" என்று கேட்டிருக்கிறார். "ஆம், மிகச் சிறந்த தெரிவு" என்று அழகான தமிழில் பதில். நான் 500 வோல்ற் எல்லையைச் சொல்லித் திரும்பக் கேட்கச் சொன்னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, பொருந்தாது" என்று அதே அழகான தமிழில் வந்தது. இரண்டு பதிலும் ஒரே நம்பிக்கையோடு.

ஏஐயைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானே வினாத்தாள் தயாரிக்கப் பாவிக்கிறேன். ஆனால் 40 வருடத்துக்கு முந்திய அந்த எக்ஸ்கொன்னுக்கு ஒரு குணம் இருந்தது. ஏன் இந்தக் கேபிளைச் சேர்த்தாய் என்று பார்த்தால், இந்த இலக்க விதி வேலை செய்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். விதி பிழை என்றால் அந்த ஒன்றைத் திருத்தலாம். ஊர்க்காசைச் செலவழிக்கிற இடத்தில் எனக்கு அப்படியான பதில்தான் வேண்டும். கொட்டேஷன் தந்த கம்பனியிடம் கேட்டபோதும் இதே கதைதான். "நாங்க நிறைய இடத்துல போட்டிரிக்கம் சேர்" என்றார்கள். அது பதில் இல்லையே.

ஆகவே என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு, நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் காக்காவிடம் போனேன். பெயர் எழுதினால் கோபிப்பார். சவூதியில் பதினைந்து வருடம் வயரிங் செய்துவிட்டு வந்தவர். மக்கள் இருவரும் வேறு தொழில். அவருக்குத் தெரிந்தது அவரோடு நிற்கிறது.

பிள்ளைகள் கொப்பியை விரித்து, "காக்கா, விதிகளைச் சொல்லுங்க" என்றார்கள். அவர் சிரித்தார். "எழுதி என்னத்துக்கு மகன்? பாத்தா விளங்கும்." அரை மணித்தியாலத்தில் ஏழு விதிகள்தான் வந்தன. எல்லாம் பெரிய விதிகள். பிறகு நான் டெக் கம்பனியின் வழிக்குப் போனேன். மூன்று கொட்டேஷனையும் முன்னால் வைத்து, எது பிழை என்று மட்டும் கேட்டேன். மளமளவென்று வந்தது. ஹவுழுக்குத் தண்ணி ஏத்துற மோட்டர் ஓடத் தொடங்குகிற நொடியில் வழமையை விடப் பல மடங்கு இழுக்கும், இன்வேட்டரின் உச்சத் தாங்குதிறன் அதற்குக் காணுமா? பெட்டரியும் இன்வேட்டரும் ஒன்றோடொன்று தகவல் பேசுகிற வகையா? கடற்காற்றுக்குச் சாதாரண இரும்பு ஆணி எத்தனை மாதம் நிற்கும்? கூரைத் தகட்டுக்குக் கீழே மரமா, இரும்பா?

வோல்ற் பிரச்சினைக்கு வழி சுலபம். அந்த இன்வேட்டரில் பெனலுக்கு இரண்டு தனித்தனி நுழைவாய்கள் இருக்கின்றன. பதினொன்றை ஆறும் ஐந்துமாகப் பிரித்தால் 297, 247.5. இரண்டும் எல்லைக்குள். பிள்ளைகள் கூரைப் படம் கீறி, இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து என்று அடுக்கி அவரிடம் காட்டினார்கள். நானும் சரி என்றுதான் நினைத்தேன். காக்கா படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"இது பிழை."

"ஏன் காக்கா?"

"மினாரா எந்தப் பக்கம்? முன்பக்கம், கிழக்க. காலையில பத்து மணி மட்டும் அதுட நிழல் முன்கூரையிலதான் கிடக்கும். ஒரு வரிசையில நிழல் பட்டதும் படாததும் கலந்தா, நல்ல பெனலையும் சேத்து இழுத்துப் போடும். நிழல் விழுற அஞ்சையும் ஒண்டாக் கட்டுங்க. வெயில்ல நிக்கிற ஆற வேறயாக் கட்டுங்க."

இந்த ஊரில் நாற்பது வருடமாக அந்த நிழலில் செருப்புக் கழற்றுகிறோம். மூன்று கொட்டேஷனிலும் அது இல்லை. ஏஐயிடம் யாரும் சொல்லவும் இல்லை. ஒரு பிள்ளை அதைக் கொப்பியில் 24ஆவது விதியாக எழுதினாள்.

இப்போது 31 விதிகள் இருக்கின்றன. தட்டச்சுச் செய்து, எந்த விதி எந்தத் தரவுத்தாளைப் பார்க்கச் சொல்கிறது என்றும் குறித்து, சபையிடம் கொடுத்துவிட்டோம். சபை மூன்று கம்பனிகளுக்கும் அனுப்பி, ஒவ்வொரு விதிக்கும் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறது. இரண்டு பதில்கள் வந்துவிட்டன. விலை குறைந்த கம்பனி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் மேல்மாடியில் கூட்டம். வயரிங், வெல்டிங், கூரை வேலை தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள். பட்டியலை அங்கே விரித்து வைப்போம். பார்த்து, பிழை இருந்தால் விரல் வைத்துக் காட்டுங்கள். எழுதுவதற்குப் பிள்ளைகள் இருப்பார்கள்.