ஓட்டையில் ஆடும் அரை மில்லி

பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாசம் அந்தச் சீடியா கார் வந்தது. ஓட்டி வந்தவன் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பையன். பின்சீட்டில் கைக்குழந்தையைப் படுக்க வைத்ததுபோல, போர்வை சுற்றி ஒரு ஸ்ட்ரட் பார். பிரித்துக் காட்டினான். நீலச் சாயம் ஏற்றிய அலுமினியம், வில்போல வளைந்து பளபளத்தது.

“செமயா இருக்குதுங்ணா” என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான்.

மேஸ்திரி அதை வாங்கினார். ஒரு முனையை முழங்காலுக்கிடையே இடுக்கிக்கொண்டு, மறுமுனையில் இருந்த தகட்டைக் கட்டைவிரலால் அசைத்தார். ‘டிக்.’ இன்னொரு தடவை. ‘டிக்.’

“கேட்டுச்சா கண்ணு?”

“போல்ட்ட இறுக்குனா போயிருமுங்ணா.”

“போயிருமா?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். அந்த ‘டிக்’ என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

பட்டறை கோயமுத்தூரில், செட்டிப்பாளையம் ரோட்டில். கொஞ்ச தூரம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்த கரிவர்தன் பெயரில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் டிராக். ஞாயிற்றுக்கிழமை காற்று இந்தப் பக்கம் அடித்தால், சத்தத்தை வைத்தே எந்தக் கார் ஓடுகிறது என்று மேஸ்திரி சொல்வார். பாதி தப்பாக இருக்கும். நாங்கள் காட்டிக்கொள்ள மாட்டோம்.

சீடியாவும் தமிழ்நாட்டு வண்டிதான், திருவள்ளூர் ஆலையில் உருவானது. நம் ராலிகளில் பல வருஷம் ஓடியது. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். 1950இல் பிரிட்டன் ஃபோர்டு காட்டிய கான்சல் காரிலேயே இந்த அமைப்பு உண்டு. இதில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் ஆகிறது. கீழே ஓர் ஆர்ம் இருக்கும், மேலே இருக்காது. வளைவில் டயர் தரையைப் பற்றும்போது பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு இந்தத் தூண் வழியாக ஏறி, பானட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்த குவளை மாதிரி இருக்கும் டவரை நெம்பும். குறுக்கே ஒரு ஸ்ட்ரட் பாரைப் போட்டால் இந்தப் பக்கத்து டவருக்கு அந்தப் பக்கத்து டவரும் தோள் கொடுக்கும். டபுள் விஷ்போன் காரில் அந்த விசையை மேல் ஆர்மே வாங்கிக்கொள்கிறது. அங்கே ஷாக்கின் தலையில் பாரைப் போடுவது பெரும்பாலும் பானட்டைத் திறந்து காட்டத்தான். இதைச் சொல்லியே மேஸ்திரி இரண்டு மூன்று கஸ்டமர்களை இழந்திருக்கிறார்.

மறுநாள் அவர் கேட்டார்: “டவர் எத்தன ஆடுது?”

“தெரியலீங்ணா.”

“அது தெரியாம எந்த பார் நல்லதுன்னு எப்புடிச் சொன்ன?”

ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற இரண்டு பித்தளைக் குழாய்களை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வெளிக்குழாயின் நுனியை ஒரு டவரிலும் உள்குழாயின் நுனியை மற்ற டவரிலும் பூட்டினோம். உள்குழாய் மேல் ஒரு ஓ-ரிங். அதை நகர்த்தி வெளிக்குழாயின் வாயோடு ஒட்டி வைத்தோம். டவர்கள் நெருங்கும்போது அந்த வாய் ஓ-ரிங்கைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது ஓ-ரிங் வராது, போன இடத்திலேயே நிற்கும். டிராக்கில் ஐந்து சுற்று முடித்து வந்ததும் பானட்டைத் திறந்து இடைவெளியை வெர்னியரில் அளந்தேன். 0.8 மில்லிமீட்டர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்த முக்கால் மில்லிக்கா இத்தனை பேர் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்?

“இப்ப அந்த நீலத்த அள” என்றார்.

அந்த பாரின் இரண்டு முனையிலும் யு வடிவக் கவ்வி, ஆளுக்கு ஒரு போல்ட். போல்ட் 10 மில்லி, ஓட்டை 10.5. இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரு மில்லி காலியிடம். டவர் ஆடுவதே 0.8 தான். பார் சுதாரித்துப் பிடிப்பதற்குள் வளைவே முடிந்துவிடலாம். இறுக்கினால் சரியாகும் என்று நான் சொன்னதும் பாதிதான் சரி. கவ்விக்கும் பாருக்கும் நடுவே காற்றுப் போகிற இடைவெளி இருந்தது. இறுக்கினால் கவ்வியின் காதுகள் உள்ளே மடங்குமே தவிர, நடுவில் இருப்பதை அழுத்திப் பிடிக்காது. அப்போதுதான் எனக்கு அந்த ‘டிக்’ கேட்டது.

அன்று இரவு, பாலிடெக்னிக்கில் அரியர் வைத்துப் பாஸ் செய்த பாடத்தின் நோட்டைத் தேடி எடுத்தேன். 25 மில்லி விட்டம், 2 மில்லி சுவர், ஒரு மீட்டர் நீளம், நேரான இரும்புக் குழாய். இரண்டு முனையிலும் 300 கிலோ வைத்து அமுக்கினால் பத்தில் ஒரு மில்லிதான் சுருங்கும். அதே குழாயை முனைகளிலிருந்து 50 மில்லி உயரத் தூக்கி, முனைகளைக் கீல் மாதிரி விட்டால், கணக்கில் கிட்டத்தட்ட 4 மில்லி நெளிகிறது. நாற்பது மடங்குக்குப் பக்கம். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நேர்க்கோட்டில் போகும்வரை குழாய் தூணாக நிற்கிறது. கோட்டைவிட்டு விலகியதும் அது வில். அலுமினியம் என்றால் இன்னும் மோசம், அதன் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். தடிமனாகச் செய்து ஈடுகட்டலாம். நல்ல அலுமினிய பார்கள் அப்படித்தான் கொழுத்திருக்கும். நான் மயங்கிய அந்த வளைவு எதற்கு இருந்தது என்றால், எஞ்சின் மேல்மூடி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் நோட்டைக் காட்டினேன். மேஸ்திரி வாங்கிப் பார்க்கவில்லை. “நேரா, தாழ்வா, ஆட்டமில்லாம. அதான வருது?” என்றார்.

பையனிடம் விஷயத்தைச் சொன்னோம். முகம் வாடினாலும் சரி என்றான். மேஸ்திரி முதலில் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டையும் மாற்றச் சொன்னார். ரப்பர் பல மில்லி ஆடுகிற வண்டியில் முக்கால் மில்லியைப் பிடிக்கக் கிளம்புவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலைத் தாழிடுகிற கதை. அதற்கு ஒரு வாரம் ஆனது. பாரைச் செய்யும் வேலை எனக்கு வந்தது.

5 மில்லி தகட்டில் டவரின் மூன்று போல்ட்டையும் முழு வட்டமாகச் சுற்றி வருகிற மாதிரி இரண்டு தகடு வெட்டினேன். இரண்டு போல்ட்டோடு நிறுத்துகிற பாதிப்பிறைத் தகடுகளும் கடையில் கிடைக்கின்றன. குழாய் விறைப்பாக இருந்தாலும் அந்தத் தகடு நாக்கு மாதிரி மடங்கும். என் தகட்டிலிருந்து குழாய்க்கு இரண்டு முக்கோணத் தாங்கல். காரில் வைத்து அளவு பார்த்தேன், கச்சிதம். மேஜை மேல் வைத்து முழு வெல்டிங்கையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். ஆறியதும் காரில் வைத்தால், ஒரு பக்கம் உட்காருகிறது, மறுபக்கம் ஓட்டை 3 மில்லி தள்ளி நிற்கிறது. வெல்டிங் ஆறும்போது இழுத்துவிட்டது.

ஓட்டையை அரத்தால் ராவி நீளமாக்கலாமா என்று யோசித்தேன். கையில் அரமும் எடுத்துவிட்டேன். மேஸ்திரி தூரத்திலிருந்து, “அரை மில்லிக்கு அத்தன பேச்சுப் பேசுனோம், இப்ப மூணு மில்லி ஓட்டையா?” என்றார். அரத்தை வைத்துவிட்டேன். அந்த பார் இப்போது பட்டறையில் துணி காயப்போடும் கம்பி.

இரண்டாவதை, கனமான சேனல் இரும்பில் டவர் போல்ட்டுகளின் இடத்தைக் குறித்து, அதில் தகடுகளைப் பூட்டி வைத்துச் செய்தேன். முதலில் அங்கங்கே டேக். பிறகு இந்த முனையில் ஒரு அங்குலம், அந்த முனையில் ஒரு அங்குலம், நடுவில் ஆறவிட்டு. ஒரு பகல் முழுக்கப் போனது. கழற்றித் தூக்கிக் காரில் வைத்தபோது போல்ட்டுகள் மேல் தானாக இறங்கி உட்கார்ந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பானட் இடிக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி பக்கத்து பரோட்டாக் கடையில் ஒரு உருண்டை மாவு வாங்கி வரச் சொன்னார். பார் மேல் மூன்று இடத்தில், பாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இரண்டு இடத்தில் உருட்டி வைத்து, பானட்டை மூடித் திறந்தோம். ஹேண்ட்பிரேக் போட்டு, கிளச்சை லேசாக விட்டு எஞ்சினை ஒரு உலுக்கு உலுக்கினோம், எஞ்சினும் மவுண்ட்டில் ஆடுமே. நசுங்கிய மாவைப் பிளேடால் வெட்டி அளந்தேன். பானட்டுக்கு 14 மில்லி, எஞ்சினுக்கு 20.

பூட்டும்போது வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து மூன்று நட்டையும் கழற்றினால் ஸ்ட்ரட் அப்படியே கீழே நழுவும். நடுவில் இருக்கிற பெரிய நட்டின் பக்கமே கை போகக் கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான், விட்டால் ஆளையே அடிக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் மேஸ்திரி சிரிக்க மாட்டார். இரண்டு பக்க நட்டுகளையும் கழற்றி, தகடுகளை வைத்து, புது நட் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடித்தேன்.

ஓ-ரிங் குழாயைப் பாருக்குப் பக்கத்தில் மறுபடி கட்டி அதே ஐந்து சுற்று. 0.2. பையன் இறங்கி வந்து ஸ்டியரிங் சட்டென்று பேச்சைக் கேட்கிறது என்றான். அதில் எத்தனை பங்கு பாருக்கு, எத்தனை பங்கு புது புஷ்ஷுக்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புஷ்ஷுக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

கடைசியில் பெயின்ட். மேஸ்திரி மங்கலான வெள்ளை அடிக்கச் சொன்னார். வெல்டிங்கில் மயிரளவு விரிசல் விட்டாலும் வெள்ளை மேல் துருக்கோடு தெரியும். பையன் பானட்டைத் திறந்து பார்த்தான்.

“நீலம் கிடைக்காதுங்ளா?”

“கிடைக்காது தம்பி.”

மூன்று வாரம் கழித்து ஆயில் மாற்ற வந்தான். பானட்டைத் தூக்கினேன். ஸ்பிரே பெயின்ட், நல்ல மயில்நீலம். ஓரத்தில் டவர் மேலேயும் கொஞ்சம் சிதறியிருந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. தகட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வடிகட்டும் சட்டியை எடுத்து வரச் சொன்னார்.